எடைக்குப் போடற சரக்கா இது?

பி.காம். படித்தவனுக்கு வேதமே தேய்மானம்தான் சார்! மேஜையோ, மெஷினோ... எதை வாங்கினாலும் வருஷா வருஷம் மதிப்பைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்ட ஒரு ஆசாமி காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருந்தார்.

கோட்டையூர் என்றதும் பலருக்கும் வள்ளல் அழகப்பச் செட்டியார்தான் ஞாபகம் வருவார். வியாபாரத்தில் சம்பாதித்து, 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்தவர். ஊரை உருவாக்கிய மனிதர்.

அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று இன்னொரு செட்டியார். தொழில், விளம்பர போர்டு எழுதுவது. சம்பாதித்ததைப் போட்டு அவர் வாங்கியது வீடோ, தோட்டமோ இல்லை. பழைய புத்தகங்கள்! அதுமட்டுமா? நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை... விசேஷம் முடிந்ததும் நாம் கசக்கிப் போடுவதையெல்லாம் பத்திரப்படுத்தினார். நான் மட்டும் அவருக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்திருந்தால், 'வாராக்கடன்' என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

1992-ல் அவர் காலமானபோது சேர்ந்திருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. நல்லவேளை, கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. தரமணிக்குப் போனால் பார்க்கலாம்.

இதெல்லாம் ஆரணிக்காரன் எனக்கு ஏன் உறைக்கிறது? எங்கள் எதிர்வீட்டு அண்ணன் சமீபத்தில் பழைய வீட்டை இடித்து மாடி கட்டினார். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு. கூடவே மூன்று தலைமுறைப் பட்டுக் கணக்கு நோட்டுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போயாச்சு. "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"எல்லாம் குப்பை தம்பி! கரையான்தான் மிச்சம்!"

ஆரணியில் 1751-ல் கிளைவ் போட்ட சண்டை சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், ஒரு புடவை நெய்ய எத்தனை நாள், கூலி எவ்வளவு, தீபாவளிக்கு முன்பணம் வாங்கியது யார் யார்... இதையெல்லாம் கிளைவா எழுதி வைத்தான்? அந்த நோட்டில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் நோட்டுகள் இருக்கின்றன. "எடைக்குப் போட்டா ஒரு முறமாவது வாங்கலாம்டா" என்று அம்மா வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துகிறாள். இறக்கிப் பிரித்தேன். பக்கம் பக்கமாகக் கூலி வாங்கியவர்கள் பெயர்கள். சிலருக்குக் கையெழுத்து, பலருக்குக் கைநாட்டு. ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கு. இவர்களுக்கு இந்த நோட்டை விட்டால் வேறு என்ன இருக்கு?

நீங்களே சொல்லுங்க சார்... இதைக் கிலோ என்ன விலைன்னு போடறது?