செஞ்சி ஏரிக்கரையில் ஓர் ஆழக் கணக்கு

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்க்கத் தவறுவதில்லை. தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. இந்த மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி ஆறுதான் வீடூர் அணையை நிரப்பிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் கடலில் கலக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பினால், கரையில் தூண்டில்கள் முளைத்துவிடும். நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு... அவ்வளவுதான். சூட்சுமம் தக்கையில் இருக்கிறது. நரம்பில் அதை மேலே தள்ளினால் முள் ஆழத்துக்குப் போகும். கீழே இறக்கினால் மேல்மட்டத்திலேயே நிற்கும். கெளுத்தி தரையோடு மேயும்; அதற்கு முள் அடிவரை போக வேண்டும். மூச்சுவிட மேலே வரும் விராலுக்கோ, தவளையை நீர்மட்டத்தில் ஆட்டினாலே போதும்.

மேலைநாடுகளிலும் இதே கணக்குதான். அங்கே இறகும் ரோமமும் கட்டி, சிறுமீன் போலச் செய்த பொய் இரைக்கு 'ஸ்ட்ரீமர்' என்று பெயர். அதை ஆழத்துக்கு இறக்க ஈயக்குண்டு வேண்டாம். டங்ஸ்டன் தூள் கலந்த பூச்சால் கயிறே கனமாகி மூழ்கும். விநாடிக்கு 6 அங்குலம் இறங்கும் கயிறு என்றால், 5 அடிக்கு 10 விநாடி. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, விட்டுவிட்டு இழுப்பார்கள். அடிபட்ட மீன் நீந்துவதாக நினைத்துப் பெரிய மீன் பாயும்.

தக்கையோ, கனத்த கயிறோ, எதுவானாலும் ஏரியில் ஆழம் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் மீன் ஒதுங்குவது அடித்தண்ணீரின் குளிர்ச்சியில்தான். தூர்ந்துபோன ஏரியில் அதற்கு ஒதுங்க இடமில்லை, தூண்டிலுக்கும் வேலையில்லை.