மூங்கில் ஏணி

பத்து வருஷம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வந்த நோட்டீஸுகளுக்குப் பதில் தயாரிப்பது என் வேலை. எதையும் ஒப்புக்கொள்ளாத, ஆனால் பொய் என்றும் காட்ட முடியாத வாக்கியங்களை எழுதக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிலிப் பிரான்ஸிஸின் வழக்கைப் படித்த பிறகு அது இல்லை.

பிரான்ஸிஸ் 1774-ல் கல்கத்தா வந்தவர். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் கவுன்ஸிலில் ஒருவர். அவருக்கு ஜன்மப் பகைவரும்கூட. சம்பளம் வருஷத்துக்கு 10,000 பவுன். இங்கிலாந்தின் மந்திரிகளைக் கலங்கடித்த ஜூனியஸ் கடிதங்களைப் பெயர் மறைத்து எழுதியவர் இவர்தான் என்று பலரும் கருதுகிறார்கள். பேனாவின் பலம் தெரிந்தவர்.

1778 டிசம்பர் 8 இரவு, கம்பெனி உத்தியோகஸ்தர் கிராண்ட் வெளியே சாப்பிடப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி காதரின். தரங்கம்பாடியில் பிறந்த பிரெஞ்சுப் பெண், பதினாறு வயது இருக்கும். வேலைக்காரர்கள் சுவரோரம் ஒரு மூங்கில் ஏணியைப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் பிரான்ஸிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஜமேதார் கையைப் பிடித்துக்கொண்டான்.

வழக்குவரை போகாமல் தப்ப அவர் பார்த்த வழிகள் மூன்று. முதலாவது பணம். அந்த ஏணியைக் கொடுங்கள், காசு தருகிறேன், உங்களைப் பெரிய மனுஷர்களாக்குகிறேன் என்று சொன்னதாக வேலைக்காரர் சாட்சியம். ஜமேதார் பிடியை விடவில்லை. இரண்டாவது சிநேகிதர்கள். சுவரேறி உதவிக்கு வந்தார்கள். கைகலப்பில் பிரான்ஸிஸ் நழுவினார், ஷீ என்ற சிநேகிதர் மாட்டிக்கொண்டார். மூன்றாவது பேனா. துவந்த யுத்தத்துக்கு அழைத்த கிராண்டுக்கு, தான் எந்தத் தீங்கும் செய்ததாக அறியவில்லை, தாங்கள் தவறாக எண்ணியிருக்கிறீர்கள், அழைப்பை ஏற்பதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதினார். கிராண்டே பின்னாளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். படித்ததும் என் கையெழுத்தைப் பார்த்தது போலிருந்தது.

கிராண்ட் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஏணி தன் வீட்டில் செய்யப்பட்டது என்று ஷீ சொல்ல வேண்டியதாயிற்று. 1779 மார்ச் 6-ல் தீர்ப்பு: 50,000 சிக்கா ரூபாய் நஷ்டஈடு. மூன்று நீதிபதிகளில் சேம்பர்ஸ் உடன்படவில்லை. தலைமை நீதிபதி இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். ஆகவே தீர்ப்பில் பகையின் வாடை இருந்ததா என்று கேட்கலாம். ஜமேதாரின் கை விஷயத்தில் எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

தொகை பிரான்ஸிஸின் அரை வருஷச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அவர் அழிந்துவிடவில்லை. அன்றைய சட்டப்படி அது கணவனுக்கு நேர்ந்த நஷ்டம். காதரின் கட்சியுமில்லை, சாட்சியுமில்லை. அவள் கல்கத்தாவை விட்டுப் போனாள். 1802-ல் பாரிஸில் தாலிராண்டை மணந்தாள். அப்போதும் இந்த வழக்கு அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு விதவை கொடுத்திருந்த கைமாற்றுக் கடன் பற்றி நான் ஒருமுறை பதில் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் வழக்குப் போடவில்லை. கட்சிக்காரர் சந்தோஷமாக எனக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பணம் கைமாறியதைப் பார்த்தவர் என்று அவள் பக்கம் யாரும் இருக்கவில்லை.