முதல் வள்ளம் வாங்குமுன்



பார்க்டேலில் வாழும் எமக்கு ஒன்ராறியோ ஏரி அயல்வீடு போன்றது. கோடை பிறந்ததும், சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தால் மீன்பிடிக்கலாமே, பிள்ளைகளை ஏற்றி உலாவரலாமே என்ற ஆசை எம்மவர் பலருக்கு எழுகின்றது. நாம் வடமராட்சிக் கரையிற் பிறந்து அங்கு ஆசிரியத் தொழில் பார்த்தவர் என்பதை அறிந்த பெற்றோர் சிலர், வகுப்பு முடியும் வேளையில் இதுபற்றி வினவுவதுண்டு. அவர்களுக்கு வாய்மொழியாகக் கூறியவற்றையே இம்மலரில் எழுத்தில் வடிக்கின்றோம்.

வள்ளம் வாங்குவோர் முதலிற் கேட்பது விலையை. விலைக்கு முன்னர்க் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று உள. எந்த நீரில் ஓடப்போகின்றது? யார் ஓட்டப்போகின்றார்? எத்தனை பேர் ஏறப்போகின்றனர்?

முதலாவது நீர். சன்னிசைட் கரையில் நின்று பாருங்கள். அலைதடுப்புச் சுவருக்கு உட்புறம் நீர் குளம்போற் கிடக்கும். அதே வேளையில் வெளிப்புறம் அலை எழுந்து மோதும். இவ்வேரி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமும், மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர் ஆழமும் உடையது. பெயரால் ஏரியாயினும் காற்றெழுந்தால் அதன் குணம் கடலின் குணமே. சிறு உள்ளூர் ஏரிக்குப் பொருந்தும் 14 அடி அலுமினிய வள்ளம், இங்கே கரையை விட்டு நெடுந்தூரம் அகலத் தகாதது. மே மாதத்திற் காற்று இதமாயிருப்பினும் நீர் கடுங்குளிராகவே இருக்கும். நன்கு நீந்துவோரின் கைகால்களையும் அது சில நிமிடங்களிற் செயலிழக்கச் செய்துவிடும்.

பழைய வள்ளமாயின், அதை முதலில் நிலத்தில் வைத்துப் பாருங்கள். எமது ஊரில் வள்ளத்தைக் கவிழ்த்து, அடிப்பலகையை விரல் மடித்துத் தட்டி, ஓசையைக் கொண்டே உக்கிய இடத்தை ஓடாவியார் சொல்லிவிடுவார். கண்ணாடியிழை வள்ளத்துக்கும் இம்முறை உதவும். இயந்திரம் பூட்டும் பின்பலகை மந்தமாக ஒலித்தால், உள்ளிருக்கும் மரம் உக்கியிருக்கலாம். பின்னர் நீரில் இறக்கி, இயந்திரத்தை இயக்கிப் பாராது பணத்தைக் கொடுக்கற்க. கொடுத்த பணத்தோடு செலவு முடிவதுமில்லை. இழுவை வண்டி, காப்புறுதி, எரிபொருள், மாரிகாலத்தில் வைத்திருக்க இடம் என்பன தொடரும். எமது ஊரார் அறியாத ஓர் இடரும் இங்குண்டு: மாரிக்கு முன் வடித்தகற்றாத நீர் இயந்திரத்தினுள் உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும்.

இரண்டாவது, ஓட்டும் கை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் முன்னரே சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்தவர். ஆயினும் அக்கப்பலை அமெரிக்கா வரை செலுத்திச் செல்ல வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் வேண்டியிருந்தனர். 1938 ஆகஸ்ட் மாதம் அது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கலத்தை விலைக்கு வாங்கலாம், கைப்பழக்கத்தை வாங்கவியலாது. கனடாவில் இயந்திர வள்ளம் செலுத்துவோர் அதற்குரிய தகுதி அட்டையை வைத்திருத்தல் வேண்டும். 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள இயந்திரம் பூட்டிய வள்ளத்துக்கு அனுமதி இலக்கமும் வேண்டும். அட்டை பெற்றதும் வாங்க விரையாது, ஒரு கோடை வாடகை வள்ளத்திற் பழகுவது நன்று.

மூன்றாவது, ஏறுவோர் தொகை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைவழிகள் அடைபட்டிருந்தன. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளமேறிக் கடந்தனர். சிறுவராயிருந்த நாமும் தாயாரின் அருகே ஒடுங்கி அவ்வாறு கடந்தோம். பலர் அந்நீரிலேயே மாண்டனர். "இவ்வள்ளம் எத்தனை பேரைத் தாங்கும்?" என்று எம்மோடிருந்த எவரும் ஓட்டியிடம் கேட்கவில்லை. இடம் கிடைத்ததே போதுமாயிருந்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்பு வள்ளங்களில் 155 தமிழர் தத்தளித்தனர். கஸ் டால்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவரும் பிற மீனவரும் அவர்களைக் காத்தனர். அவர்களும் தம் வள்ளத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர்.

இன்று எமக்குத் தெரிந்தெடுக்க வாய்ப்புண்டு, கேட்க அவகாசமுண்டு. இந்நாட்டில் இயந்திரம் பூட்டிய சிறு வள்ளங்களில் ஒரு தகடு உண்டு. எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு வலுவுள்ள இயந்திரம் என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அதுவும் நல்ல வானிலைக்கு உரிய அளவே. ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருத்தல் சட்டம். இருந்தாற் போதாது, அணிந்திருத்தல் வேண்டும். ஏரிகளில் வள்ளம் கவிழ்ந்து மாண்டோரிற் பெரும்பாலோர் அதை அணியாதவர்களே.

எம்மவர் வள்ளம் வாங்கினால் மச்சான், மருமக்கள், அயலவர், சோற்றுப்பானை எல்லாம் ஏறும் என்பதை நாம் அறிவோம். ஆகவே மாணவச் செல்வங்களே, அத்தகட்டை நீங்களே வாசியுங்கள், ஏறியோரை எண்ணுங்கள். தொகை மிகுந்தால், "அப்பா, ஒராள் கூடிப்போச்சு" என்று பணிவோடு சொல்லுங்கள். அதைக் கேட்கும் தந்தையார் சினவாது ஒருவரைக் கரையில் இறக்கி, அடுத்த தடவை வந்து ஏற்றிச் செல்வாராக. வள்ளம் இரண்டு தரம் போய்வருவதால் எவருக்கும் நட்டமில்லை.