ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

கோயம்புத்தூர், சிங்காநல்லூர். ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டை மாடியில் முளைகட்டிய ராகி காய்கிறது. பழைய வெள்ளை வேட்டியை மேலே போர்த்தி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருக்கிறார் அப்பத்தா. காக்கைக்குப் பயந்து அல்ல. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு மாடியில் கோதுமை காய்கிறது. மில்லுக்குப் போக வேண்டிய கோதுமை. காற்றும் அங்கிருந்துதான் அடிக்கிறது.

"அந்தத் தூசி இதுல விழுந்தா, அப்பறம் மாட்டுக்குத்தான் கொட்டோணும்" என்கிறார். என்னிடமா, ராகியிடமா என்று தெரியவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு அவ்வப்போது வந்து போகிறவன். காபி குடித்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் என் வேலை.

கீழே அடுப்படி. மேடையில் சின்ன டிஜிட்டல் தராசு. இந்த வீட்டுப் பையனின் அம்மா அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, மாவைக் கொட்டுகிறார். ராகி மாவு 100 கிராம், அரிசி மாவு 60, மரவள்ளி மாவு 40. டம்ளர் கணக்கு இங்கே செல்லாது. ஒரே டம்ளரில் ராகி மாவு ஒரு எடை நிற்கும், மரவள்ளி மாவு வேறு எடை நிற்கும். நாளைக்குப் பையனுக்குப் பிறந்தநாள், எட்டு முடிகிறது. தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிற ஊர் இது. தேங்காய் பன்னும் பப்ஸும் டீயும் இல்லாமல் கோவையில் சாயங்காலம் ஆகாது. அந்த வாசனையைத் தாண்டித்தான் தினமும் பள்ளி வேன் வீட்டுக்கு வருகிறது. ஆனால் கேக் வீட்டில்தான்.

அவனுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை இழுக்கிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. தட்டில் குளூட்டன் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து, ஆயுசுக்கும்.

கோதுமைதான் காரணம் என்பதே மருத்துவத்துக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930-களிலேயே ரொட்டிமேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனபோது, ஊரெல்லாம் வாடியது. இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது, நோயும் வந்தது. 1950-ல் அதை ஆய்வேடாக எழுதினார்.

சிங்காநல்லூருக்கு அந்தச் செய்தி வந்து சேர இன்னும் நாளாயிற்று. பையன் மெலிந்துகொண்டே போனான். வயிறு மட்டும் உப்பியிருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். ரத்தசோகை என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். சத்துப் பத்தவில்லை என்று அப்பத்தா தன் பங்குக்குக் காலையும் மாலையும் பாலில் மால்ட் பொடி கலக்கிக் கொடுத்தார். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. அந்தப் பொடிகள் சிலவற்றில் கோதுமை மாவும் உண்டு. "நானே என் கையால..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போகிறார்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் பெரியவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது வடக்கே நூறில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. அதே ஆய்வில் வடக்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். பஞ்சாபில் டாக்டர் முதலில் நினைப்பது நம் ஊரில் கடைசியாக நினைவுக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை.

"இட்லி, தோசை, இடியாப்பம், களி, சோறு. நம்ம சமையல்ல கோதுமைக்கு என்ன வேலை? உங்களுக்குச் சுலபம்தான்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பையனின் அம்மா பதில் சொல்வதில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலிப் பெருங்காய டப்பா வைத்திருக்கிறார். அதை எடுத்து நீட்டுகிறார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனால்தான் படிக்க முடிகிற எழுத்து: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம்.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து வடியும் பால். அப்படியே போட்டால் வீரியம் தாங்காது. அதனால் கோந்தும் மாவும் கூட்டி விற்கிறார்கள். அந்த மாவு பல நேரம் கோதுமையோ மைதாவோதான். நோய் தெரிந்ததும் இந்த வீட்டில் சப்பாத்தி நின்றது. பரோட்டா, பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் நின்றன. மாதங்கள் போயும் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. வேறென்ன, வேறென்ன என்று உணவியல் நிபுணர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "ரசத்துக்கு என்ன பெருங்காயம்?" என்றாராம். ரசம், சாம்பார், ஊறுகாய், இட்லிப்பொடி, அப்பளம், கோயில் சுண்டல். நாள் தவறாமல் ஒரு சிட்டிகை போய்க்கொண்டிருந்தது. இப்போது அரிசி மாவு கூட்டிய பெருங்காயம் வாங்குகிறார்கள். அதையும் ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துத்தான்.

அடுத்தது மில். தெருக்கோடி மாவு மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரே கல். முன்னால் போனவர் கோதுமை அரைத்திருப்பார். பின்னால் போகும் ராகியோடு அதன் மிச்சம் கலந்து வரும். "நல்லாத் தட்டி உட்டுட்டுத்தானுங்க அரைக்கறேன்" என்பார் மில்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் குளூட்டன் இல்லாத உணவு என்று நம் நாட்டில் ஒன்றை விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. தட்டிவிடுவதில் அந்தக் கணக்கு வராது. வீட்டுக்கே சின்ன மாவு மெஷின் ஒன்று வந்தது. சலிக்கிற சல்லடை புதிது, தோசைக்கல் புதிது. சப்பாத்திக் கட்டை மரம். கழுவினாலும் மாவு இடுக்கில் நிற்கும் என்று அதை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பையனுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு என்று வைத்திருக்கலாம். பல வீடுகளில் அப்படித்தான். இந்த அம்மா ஆரம்பத்திலேயே ஒன்று முடிவு செய்துவிட்டார்: கோதுமை வாசற்படி தாண்டாது, வீட்டுக்கு ஒரே சமையல். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. தனித்தட்டு வைத்தால் பையன் நோயாளியாகிவிடுவான். இப்போது அவன் வெறும் பசிக்காரன்.

இதில் அடிபட்டவர் பையனின் தாத்தா, அப்பாரு. அவருக்குச் சர்க்கரை. ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதப்படாத சட்டம். சப்பாத்திக் கட்டை போன அன்றிலிருந்து கம்பு தோசை, சோள தோசை, ராகிக் களி. திண்ணையில் பேப்பர் படித்தபடியே என்னிடம் சொல்கிறார்: "கம்பஞ்சோறும் களியும் தின்னு சலிச்சுப்போயித்தான் நான் ஊரை உட்டு மில் வேலைக்கு வந்தேன். கடைசியில எங்க கொண்டாந்து உட்டுட்டாங்க பாருங்க." பேப்பரைத் திருப்புகிறார். "சர்க்கரை ஒண்ணும் ஏறலீங்க. அது வேற விசயம்."

பையனின் அப்பா வெளியில் பரோட்டா சாப்பிடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் வரும்முன் வாசல் குழாயில் கைகழுவி வாய்கொப்பளிக்கிறார். யாரும் கேட்பதில்லை.

அடுப்படியில் வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் அடித்தாயிற்று. முட்டை மூன்று, ஒவ்வொன்றாக. பிறகு மாவு, தயிர். பேக்கிங் பவுடர் டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டே திறக்கிறார். சிலதில் மாவுச்சத்து எதிலிருந்து வந்தது என்றே போடுவதில்லை. மைதா கேக்கில் மாவு சேர்த்தபின் அதிகம் கலக்கக் கூடாது, கலக்கினால் குளூட்டன் இழுபட்டுக் கேக் ரப்பராகும். இதில் அந்தப் பயம் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். வேறு பயம் உண்டு. காற்றைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. மைதாவில் குளூட்டன் செய்கிற அந்த வேலையை இங்கே முட்டை செய்ய வேண்டும். கலந்த மாவை அரைமணி நேரம் அப்படியே வைக்கிறார். ராகி மாவு ஈரத்தைக் குடிக்க நேரம் வேண்டும். அவசரப்பட்டால் கேக் வாயில் நறநறக்கும். பிறகு 180 டிகிரி.

ரொட்டிக்கு முட்டை மட்டும் போதாது. அதற்கு இசப்கோல். ஆமாம், மலச்சிக்கலுக்கு ராத்திரி வெந்நீரில் போட்டுக் குடிக்கிற அதே உமிதான். தண்ணீர் பட்டதும் கூழாகிற அந்தப் பிசுபிசுப்பு, ஈஸ்ட் விடும் காற்றை உள்ளே கட்டி வைக்கிறது. இந்த வீட்டில் அந்த மாவைப் பிசைவதில்லை. இட்லி மாவைப்போல ஊற்றுகிறார்கள். மாதாமாதம் டப்பா டப்பாவாக வாங்கிப் போவதைப் பார்த்து, "வீட்டுல யாருக்குங்க அவ்வளவு தொந்தரவு?" என்று மெடிக்கல் ஷாப் பையன் கவலையோடு கேட்டானாம்.

பையன் உள்ளே வருகிறான். நேற்றுப் பள்ளியில் யாரோ கொடுத்த சாக்லேட், பிரிக்காமல் டிரவுசர் பையில் உருகிக் கிடக்கிறது. எடுத்து மேடையில் வைக்கிறான். "இதுல Wheat-னு போட்டிருக்கும்மா. கீழ, கடைசி வரியில." அம்மா பார்த்துத் தலையாட்டுகிறார். டப்பாவில் இருந்து கடலை மிட்டாய் ஒன்றைக் கொடுக்கிறார். பண்டமாற்று முடிந்தது. அவன் ஓவன் கண்ணாடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "உப்புதும்மா, உப்புது" என்கிறான். உப்பிய கேக் நடுவில் லேசாகப் பிளந்தும்விட்டது. "கிரீம் போட்டா தெரியாதுங் அத்தை" என்கிறார் அம்மா. அப்பத்தா, "பொளந்தாத்தான் அம்மிணி வெந்துதுன்னு அர்த்தம்" என்கிறார்.

மிஞ்சிய மாவைக் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டதில் எனக்கும் ஒன்று. கடைக் கேக்கின் மெதுமெதுப்பு இல்லை, விண்டால் உதிர்கிறது. ஆனால் ராகியும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்த ருசி எந்தக் கடைக் கேக்கிலும் கிடையாது. இரண்டாவது கேட்டு வாங்கினேன்.

மாடி வீட்டுப் பெண் தயிருக்குப் பிரை கேட்டு வந்தவர், கிண்ணக் கேக்கைத் தின்றபடி நிற்கிறார். "அக்கா, எம் பொண்ணுக்கும் வயிறு உப்பிக்குது, எடையே ஏற மாட்டேங்குது. உங்களைப் பார்த்துத்தான் போன மாசத்துல இருந்து கோதுமையே குடுக்கறதில்ல."

வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் கை நிற்கிறது. "டெஸ்ட் எடுத்தீங்களா?"

"இல்லக்கா. அதான் நிறுத்திட்டோமே."

"நிறுத்தினா டெஸ்ட்ல எப்படிங்க தெரியும்? முதல்ல டாக்டர்கிட்டப் போங்க. ஒரு மாசமாக் குடுக்கலைங்கறதை மறக்காமச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்குக் குழப்பம். நல்லது செய்வதாகத்தானே நினைத்திருந்தார். ஆனால் அக்கா சொல்வதுதான் சரி. இந்த நோய்க்கு ரத்தத்தில் தேடுவது, குளூட்டன் உள்ளே போவதால் கிளம்பும் எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்திவிட்டால் அது மெல்ல இறங்கிவிடும். நோய் இருந்தும் பரிசோதனை இல்லை என்று சொல்லிவிடக்கூடும். எண்டோஸ்கோப்பி செய்து குடல் திசுவைப் பார்த்தாலும் இதே சிக்கல்தான். பிறகு மறுபடி பல வாரம் கோதுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சந்தேகம் இருந்தால், பரிசோதனை முடிகிறவரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.