அந்நியக் கரையில் நின்ற நம்மவர்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தூரத்துச் சொந்தம் போன்றது. காவிரியே நாம் அறிந்த பெருநீர். ஆயினும் கடற்போர் ஒன்று நம் பேச்சு வழக்கிலேயே குடியேறியிருக்கிறது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு மறைந்தது. அன்று முதல் எவருக்கும் பிடிபடாத சாமர்த்தியசாலியை 'அவன் எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்லலாயினர்.

அன்று ஜெர்மானியர் நம் கரைக்கு வந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது, நம் நாட்டவர் சிலர் ஜெர்மன் ராணுவ உடை தரித்து, பிரான்சு நாட்டுக் கடற்கரையில் காவல் நின்றனர். இவ்வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. இவர்களைத் தேசபக்தர் என்பதா, துரோகிகள் என்பதா, வழி தவறிய பிள்ளைகள் என்பதா? இறந்தோரை நினைக்கும் இந்நவம்பர் மாதத்தில் இக்கேள்வியைச் சற்றுப் பொறுமையாகச் சிந்திக்க வேண்டுகிறோம்.

நம் மறைமாவட்டத்தாருக்கு இதில் தனிப்பட்ட உறவும் உண்டு. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதனைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர். முதல் ஆயரும் பிரெஞ்சு நாட்டவரே. 1940 ஜூன் மாதத்தில் பிரான்சு ஜெர்மானியரிடம் வீழ்ந்தபோது, இங்கே நம் முன்னோருக்குத் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குருக்களின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பகைவரின் ஆட்சிக்குள் அகப்பட்டனர். நான்கு ஆண்டுகள் நீடித்தது அந்த அடிமைத்தனம். அந்த நாட்டின் கரையில்தான் நம்மவர் சிலர் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள்.

அக்கரையைக் காக்க ஹிட்லர் எழுப்பிய அரணுக்கு 'அட்லாண்டிக் சுவர்' என்று பெயர். நார்வே நாட்டின் வடகோடியிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை, கான்கிரீட் காப்பரண்களும் பீரங்கி மேடைகளும் முள்வேலிகளும் கண்ணிவெடிகளுமாக அது நீண்டது. சுவர் என்ற பெயர்தான் பெரிது. இடைவெளிகளும் மிகப் பல. ரஷ்யப் போர்முனையில் ஜெர்மனி தன் இளைஞர்களை இலட்சக்கணக்கில் பலி கொடுத்துக்கொண்டிருந்ததால், கரையோரக் காவலுக்கென 'நிலைப்படை' டிவிஷன்கள் அமைக்கப்பட்டன. வயது முதிர்ந்தோரும் காயம்பட்டுத் தேறியோரும் அவற்றில் மிகுதி. இடம்விட்டு இடம் செல்ல வாகனம் போதாது. பல துப்பாக்கிகள் தோற்ற நாடுகளிலிருந்து பறித்தவை. போதாத ஆட்களுக்கு ஈடாக, சிறைப்பட்ட அந்நிய நாட்டு வீரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நார்மண்டிக் கரையைக் காத்த 716-வது காலாட்படை டிவிஷனில் ரஷ்ய நாட்டுச் சிறைக்கைதிகளாலான பட்டாளங்களும் இருந்தன.

இவ்வகையில் சேர்க்கப்பட்டதே 950-வது காலாட்படை ரெஜிமெண்ட் எனப்பட்ட இந்தியப் படை. அதன் கதை ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தொடங்குகிறது. 1941 ஏப்ரலில் லிபியாவின் மெக்கிலி என்னுமிடத்தில், பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட இந்திய வீரர்கள் பலர் ரோமலின் படையிடம் சிறைப்பட்டனர். அதே மாதத் தொடக்கத்தில்தான், கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின் வந்து சேர்ந்திருந்தார். கைதிகளிடையே ஆள் திரட்டி, இந்திய விடுதலைக்கென ஒரு படை அமைக்க அவர் விரும்பினார். அழைப்பைக் கேட்டவருள் பெரும்பான்மையோர் சேர மறுத்தனர். தாம் உண்ட உப்புக்கும் எடுத்த பிரமாணத்துக்கும் துரோகம் செய்யலாகாது என்பது அவர்களுள் பலரின் எண்ணம். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர் உண்டு. முகாம் வாழ்வின் சலிப்பால் சேர்ந்தவரும் உண்டு.

இப்படையில் போற்றத்தக்க ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனிக் கம்பெனிகள் வைத்திருந்தது. இங்கோ இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் ஒரே பிரிவில் கலந்து வாழ்ந்தனர். 'ஜெய் ஹிந்த்' என்னும் வணக்கம் அவர்களிடையே வழங்கியது. பின்னாளில் நம் நாட்டுப்பண்ணாகிய 'ஜன கண மன' 1942 செப்டம்பர் 11-ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் நேதாஜியின் முயற்சியால் இசைக்கப்பட்டது. வீரர்களின் வலக் கையில் மூவர்ணமும் பாயும் புலியும் பொறித்த சின்னம் இருந்தது.

ஆனால் அச்சின்னம் தைக்கப்பட்ட உடை ஹிட்லரின் ராணுவ உடை. அவர்கள் எடுத்த பிரமாணத்தில் நேதாஜியின் பெயரும் இருந்தது. ஹிட்லரின் பெயரும் இருந்தது. இந்தியா பிரிட்டிஷார் கையிலேயே இருப்பது நலம் என்று தன் நூலில் எழுதியவன் ஹிட்லர். 1942 மே மாதம் நேரில் சந்தித்த நேதாஜி இதனை எடுத்துரைத்தபோதும் அவன் நேரான மறுமொழி கூறவில்லை. யூத மக்களைக் கொன்று குவித்த அரசின் தலைவனிடம், நம் விடுதலையை நாடிய பிள்ளைகள் கடவுள் பெயரால் வாக்குக் கொடுத்தார்கள்.

1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலேறிக் கிழக்காசியா புறப்பட்டார். ஐரோப்பாவிலிருந்த சுதந்திர இந்திய மையத்தின் பொறுப்பு தலைச்சேரியைச் சேர்ந்த ஏ. சி. என். நம்பியாரிடம் வந்தது. படையோ அட்லாண்டிக் சுவரைக் காக்க ஹாலந்துக் கரைக்கு அனுப்பப்பட்டது. 'இந்திய விடுதலைக்கென்றே சேர்ந்தோம். ஹாலந்தில் நமக்கு என்ன வேலை?' என்று சிலர் புறப்பட மறுத்தனர். ராணுவ நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. பிரமாணத்தில் இருந்த இரு பெயர்களுள் எதற்கு வலிமை அதிகம் என்பது அன்று தெரிந்துபோயிற்று.

அதே ஆண்டின் பிற்பகுதியில் படை பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு அப்பால் உள்ள லக்கனோ என்னும் கரையூருக்கு மாற்றப்பட்டு, 344-வது காலாட்படை டிவிஷனோடு இணைக்கப்பட்டது. மணல்மேடுகளும் பைன் மரக்காடுகளும் ஓயாத அலைகளும் சூழ்ந்த இடம் அது. 1944 பிப்ரவரியில் ரோமல் வந்து அவர்களைப் பார்வையிட்டார். ஆப்பிரிக்காவில் அவர்களைச் சிறைப்பிடித்த படையின் தளபதிக்கே அவர்கள் அணிவகுத்து வணக்கம் செலுத்தினர்.

அதே பிப்ரவரி மாதத்தில் இத்தாலியில் நடந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். இந்திய வீரர்கள் இருபத்தைந்து இலட்சம் பேர் அப்போரில் பிரிட்டிஷார் பக்கம் பணியாற்றினர். புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே கசீனோ மடம் பிப்ரவரி 15-ஆம் நாள் குண்டுவீச்சில் தகர்ந்தது. அம்மலையைத் தாக்கிய படைகளுள் 4-வது இந்திய டிவிஷனும் ஒன்று. அங்கிருந்து சற்றுத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊரருகில், பிப்ரவரி 24-ஆம் நாள், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர் தம் ஆட்களுடன் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார். ஒரு வெடியின்மேல் தோழர் ஒருவரின் கால் பட்டுவிட்டது. அது வெடிக்க நான்கே வினாடி. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து விழுந்து, வெடிப்பைத் தம் உடலில் தாங்கி மற்றவர்களைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. நம் ஆண்டவர் இறுதி இராவுணவின்போது சீடர்க்கு உரைத்த அன்பின் சிகரத்தை, அவர் பெயரை அறிக்கையிடாத ஒரு தமிழர் தம் உடலால் எழுதிக் காட்டினார்.

அவரும் அந்நிய ஆட்சியின் உடையைத்தான் அணிந்திருந்தார். எனவே உடையை மட்டும் கண்டு மனிதனை எடைபோட முயன்றால் நம் தராசு பழுதாகிவிடும். எந்தத் தலைவனின் காரியத்துக்குத் தோள் கொடுக்கிறோம் என்பது ஒரு கேள்வி. நெருக்கடியின்போது அயலானுக்கு என்ன செய்கிறோம் என்பது மற்றொரு கேள்வி. இறைவன் முன் இரண்டுக்கும் கணக்குண்டு.

லக்கனோவில் நின்றவர்களின் கணக்கு கடினமானது. 1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நெடுந்தொலைவு வடக்கே நார்மண்டியில் இறங்கின. இந்தியர் காத்த கரைக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. ஆகஸ்டு 8-இல் அப்படை எஸ். எஸ். அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டது. ஒரு வாரத்தில் கரையைக் கைவிட்டு ஜெர்மனி நோக்கிப் பின்வாங்கத் தொடங்கியது. சென்ற வழியில் பிரெஞ்சு விடுதலைப் படையினருடன் மோதல்கள் நிகழ்ந்தன. சிற்றூர்களில் கொள்ளையும், பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளும் அப்படையினர்மீது குற்றச்சாட்டுகளாகப் பதிவாகியுள்ளன. இதனை மறைப்பது அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கு அநீதியாகும். நமக்கு வேதம் போதித்தவர்களின் தாயகத்தில், நம் நாட்டவர் கையால் அக்கண்ணீர் சிந்தப்பட்டிருப்பின், அதனை வெட்கத்தோடு ஏற்பதே முறை.

போரின் இறுதி மாதங்களில், அவர்கள் யார் பெயரால் பிரமாணம் எடுத்தார்களோ அந்த ஹிட்லரே அவர்களை ஏளனமாகப் பேசி, அவர்கள் கையிலிருந்த ஆயுதம் வீண் என்றான். சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் தேடிப் புறப்பட்டவர்கள் நேச நாட்டாரிடம் சிறைப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் கிழக்காசிய இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் விசாரிக்கப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் நிழலில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் பெரிய தண்டனையின்றி வீடு திரும்பினர். கிழக்கே போரிட்டவர்களுக்கு மாலைகள் விழுந்தன. மேற்கே நின்றவர்களைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை.

இவ்விடத்தில் நம் திருச்சபை உயர்த்திய ஒருவரை நினைவுகூர்வது நலம். ஆஸ்திரிய நாட்டுக் குடியானவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் தம் சிற்றூர்க் கோயிலின் உபதேசியார்போல் கோயில் பணி செய்தவர். மனைவியும் சிறு பெண்மக்கள் மூவரும் வீட்டிலிருந்தனர். ஹிட்லருக்காகப் போரிட அவர் மறுத்தார். குடும்பத்தை எண்ணிப்பார் என்று குருக்களும் கூறினர். அவர் மனச்சான்று இணங்கவில்லை. 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை கொய்யப்பட்டது. 2007-இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது, தொண்ணூற்று நான்கு வயதான அவருடைய மனைவி அவ்விழாவில் அமர்ந்திருந்தார்.

நாட்டு விடுதலை தூய நோக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தூய நோக்கத்தைத் தீயவன் கையில் அடகு வைத்தால், வட்டி கட்டுவது வேறெவரோ ஊரில் உள்ள ஏழைகளே. இப்பாடம் போர்க்களத்தோடு முடிவதன்று. நம் இளைஞர்கள் கட்சிக்கும், சாதிச் சங்கத்துக்கும், கடன் கொடுத்த முதலாளிக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள். 'நல்ல காரியத்துக்குத்தானே' என்று பெற்றோரும் மௌனமாயிருக்கிறோம். யாருக்குக் கொடுக்கிறாய், அவர் உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று கேட்கும் துணிவு நம் இல்லங்களில் வேண்டும். லக்கனோக் கரையில் நின்ற பிள்ளைகளுக்கு அதனைக் கேட்க அருகில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

செயலைத் தீயது என்று தீர்ப்பிடும் கடமை நமக்கு உண்டு. ஆன்மாவைத் தீர்ப்பிடும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை. நம் இல்லங்களிலும் இத்தகையோர் உண்டு. குடியால் கெட்டவர், வழக்கில் சிக்கிச் சிறையில் மாண்டவர், வீட்டாரைத் துன்புறுத்திவிட்டு ஊரைவிட்டுப் போனவர் என்று, கல்லறைத் திருநாள் பட்டியலில் எழுதக் கூசும் ஒரு பெயர் எங்கேனும் இருக்கும். அவர் செய்த தீங்கை நன்மை என்று சொல்லவேண்டியதில்லை. அவரால் துன்புற்றோரையும் சேர்த்தே மன்றாடலாம். ஆனால் பெயரை விட்டுவிட வேண்டாம். இவ்வாண்டு அதனையும் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுப்போமாக. கரை தெரியாமல் நின்றவர்களுக்கும், அவர்களால் கண்ணீர் விட்டவர்களுக்கும் ஆண்டவர் தம் இளைப்பாற்றியை அளிப்பாராக.