அப்பா சொன்ன மூன்று

இரண்டு கிழமை நாங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வராத காரணம் பலருக்குத் தெரியும். மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் அப்பா வயிற்றைப் பிடித்தபடி முன்னால் குனிந்து கட்டிலில் இருந்தார். மேல்வயிற்றில் தொடங்கிய நோ முதுகுக்கு ஊடுருவியது. வாந்தி வேறு. பித்தப்பைக் கல்லொன்று வழியை அடைத்ததால் கணையத்தில் அழற்சி என்றார்கள் வைத்தியசாலையில். (ஊரில் படித்தவர்களுக்குச் சதையி என்றால்தான் விளங்கும்.)

"பூச்சியத்திலிருந்து பத்துவரை, நோ எவ்வளவு?" என்று தாதி கேட்டார். அக்காவும் தம்பியுமாக நாங்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள்.

"மூண்டு எண்டு சொல்லுங்கோ," என்றார் அப்பா. நெற்றியெல்லாம் வியர்வை. நோவென்று முறையிடுவது விசுவாசக் குறைவு என்பது அவருடைய எண்ணம். நாங்களும் மூன்று என்றே சொன்னோம். மூன்றுக்கு ஏற்ற மருந்துதான் வந்தது. அன்றிரவு அவர் கண்மூடவில்லை.

மறுநாள் சபையிலிருந்து வந்த மாமா ஒருவர், தன் முழங்காலுக்கு வைத்திருக்கும் டென்ஸ் கருவியைக் கொண்டுவந்தார். தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடும் கருவி. நல்லவேளையாக, ஒட்டுமுன் வைத்தியரிடம் கேட்டோம். அது அழற்சியை ஆற்றாது, இப்போது சேலைனும் நோ மருந்தும்தான் தேவை என்றார் அவர். கணைய நோவுக்கு வேகஸ் நரம்பைத் தோலுக்கு மேலாகவே தூண்டிப் பார்க்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றனவாம். ஆனால் அவை இன்னும் ஆராய்ச்சிதான்.

அந்தக் கருவிக்கு வழிகாட்டிய எண்ணம் எங்கள் நகரத்தோடு தொடர்புடையது என்பதைக் காத்திருந்த நேரத்தில்தான் வாசித்தோம். மொன்றியலில் பிறந்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வோலுடன் சேர்ந்து 1965இல் ஒரு கருத்தை வெளியிட்டார். முள்ளந்தண்டில் ஒரு வாசல் இருப்பதுபோல. தொடுகை நரம்புகள் தூண்டப்பட்டால் நோச் செய்திக்கு அது ஓரளவு மூடிக்கொள்ளும். அடிபட்ட முழங்காலை அம்மா தேய்த்துவிட்டால் சுகமாயிருப்பதும் இதனால்தான். அதே மெல்சாக் 1975இல், நோவை விவரிக்கும் 78 சொற்களைக் கொண்ட வினாக்கொத்தொன்றையும் வெளியிட்டார். நோவுக்கு அளவு மட்டுமல்ல, தன்மையும் உண்டு என்பது அவர் கட்சி.

அப்பாவிடம் போய் இலக்கத்தை விட்டுவிட்டுக் கேட்டோம். "குத்துதோ, எரியுதோ, உளையுதோ, விண்விண்ணெண்டு தெறிக்குதோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "துளைக்குது பிள்ளையள். ஆணி அறைஞ்சமாதிரி, முதுகு மட்டும்."

"அப்ப எத்தனை?"

"எட்டு."

அதைத் தாதியிடம் சொன்னோம். மருந்து மாறியது. அன்று பின்னேரம் அப்பா இரண்டு மணித்தியாலம் தூங்கினார். பித்தப்பையை எடுத்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

போன கிழமை அவருக்குப் பல்நோ. எத்தனை என்று கேட்டோம். "ஆறு," என்றார் உடனே. பிறகு யோசித்து, "ஆறரை."