கொசு எழுதும் கணக்கு

கடல்காற்று வரும் என்று சொல்லித்தான் சாந்தோம் வீட்டுக்கு வாடகையை ஏற்றிக் கேட்டார்கள். காற்று வருகிறது, சத்தியம். கூடவே கொசுவும் வருகிறது. அதுவும் காலில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கடிக்கிற ஏடிஸ் எஜிப்டை. டெங்குவைப் பரப்புகிற ஆசாமி.

ஆசாமி இல்லை, அம்மணி. பெண் கொசுதான் கடிக்கும்; முட்டை போட ரத்தம் வேண்டும். ஒரே மூச்சில் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமாகக் குடித்துவிடுவாள். ரத்தம் என்றால் இரும்பு. அளவோடு இருந்தால் அது உயிர், மிஞ்சினால் செல்லையே அரிக்கும் விஷம். இவள் எப்படிச் சமாளிக்கிறாள்?

அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் இதற்கு வரவு செலவு பார்த்தார்கள். ரத்தத்தின் இரும்பில் பெரும்பகுதி ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. அதில் 87 சதவிகிதம் கழிவாக வெளியே போகிறது, 7 முட்டைக்கு, 6 உடம்புக்கு. கூட்டிப் பார்த்தேன், டாலி ஆகிறது. பி.காம். புத்தி!

உள்ளே தங்குவதைப் பூட்டிவைக்க ஃபெரிட்டின் என்றொரு புரதப் பெட்டி. ஒன்றில் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். சரக்கே வராதபோது பெட்டி செய்வது தண்டச் செலவு இல்லையா? அதனால் ஃபெரிட்டின் ஜீனின் நகலான ஆர்டர் சீட்டு தயாராக இருந்தாலும், அதன் தலைமாட்டில் ஒரு புரதம் குமாஸ்தா மாதிரி உட்கார்ந்து மறித்துக்கொள்கிறது. இரும்பு வந்ததும் எழுந்துபோய் என்சைமாக மாறி வேறு வேலை பார்க்கிறது. பெட்டி உற்பத்தி ஆரம்பம். இந்தக் குமாஸ்தா நம் உடம்பிலும் உண்டு. கொசு இன்னொன்றும் செய்கிறது: ரத்தம் குடித்தபின் ஆர்டர் சீட்டையே கூடுதலாக அச்சடிக்கிறது.

பெட்டியை வைக்கும் இடமும் வேறு. நாம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே வைக்கிறோம். பூச்சிகள் அதைச் செல்லிலிருந்து அனுப்பி, தங்கள் ரத்தத்திலேயே மிதக்க விடுகின்றன.

கொசுவைப் போல வேண்டாததைக் கழித்துவிடும் வசதியும் நமக்கு இல்லை. மனித உடம்பு பரம கஞ்சன். இரும்பைக் கணக்குப் பார்த்து வெளியேற்ற வழியே கிடையாது. அப்படியும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு முக்கியமான காரணம். வீட்டில் யாருடைய லேப் ரிப்போர்ட்டாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஃபெரிட்டின் என்று ஒரு வரி இருக்கலாம். கொசு மிதக்க விடுகிற அதே வகைப் பெட்டிதான். நம் ரத்தத்தில் துளியூண்டுதான் வரும். அதை வைத்துத்தான் டாக்டர் நம் கையிருப்பை ஊகிக்கிறார்.